ஒரு குரு, நான்கு யோகா!

யோகா வகுப்பு என்றதும் உங்கள் கண் முன்னால் என்ன காட்சி ஓடுகிறது? ஒரு பெரிய ஹால். வரிசை வரிசையாகப் பாய். முன்னால் வெள்ளை டிரஸ்ஸில் ஒரு மாஸ்டர். அவர் 'ஒன்...' என்றால் முப்பது பேர் கையைத் தூக்குகிறார்கள். 'டூ...' என்றால் முப்பது பேர் குனிகிறார்கள். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் மட்டும், முழங்காலைத் தாண்டாத கையோடு, பக்கத்தில் இருப்பவரைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சரிதானே?

யோகத்தின் வேர் ரொம்பப் பழசு. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இந்தக் காட்சி இருக்கிறதே... ஹால், வரிசை, 'ஒன், டூ'... இதற்கு வயது ஏறத்தாழ நூறுதான்! அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. இந்த மாதிரி வகுப்புக்கு உருவம் கொடுத்தவர்களில் மிக முக்கியமான ஒருவர், பிற்காலத்தில் அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு ஆள் என்று சொல்லித்தர ஆரம்பித்தார். ஏன் அப்படிச் செய்தார்? கள்ளக்குறிச்சியில் யாரோ ஒருவர் நாளைக்கு ஒரு வாடகை ஹாலில் வகுப்பு தொடங்குவதாக இருந்தாலும், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

உதாரணத்துக்குக் கள்ளக்குறிச்சியைச் சொன்னது சும்மா இல்லை. 2019-ல்தான் அது தனி மாவட்டம் ஆனது. 1993-லிருந்து அதுவரை விழுப்புரம் மாவட்டம். அதற்கும் முன்னால்? பழைய தென்னாற்காடு! அந்தப் பெரிய மாவட்டத்தின் மேற்கு எல்லையில் கல்வராயன் மலை. கிழக்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோவில். யோகத்தின் கதையில் இந்த இரண்டு ஊர்களும் வருகின்றன. ஆக, கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு யோகம் எங்கிருந்தோ வந்த சரக்கு இல்லை... ஒரே கலெக்டரின் கீழ் இருந்த பக்கத்து ஊர்ச் சமாசாரம்!

சிதம்பரத்தில் நடராஜர் ஆடியபோது அதைப் பார்க்கும் பாக்கியம் பெற்றவர்கள் இரண்டு பேர் என்கிறது தல புராணம். ஒருவர் புலிக்கால் முனிவர். இன்னொருவர், இடுப்புக்குக் கீழே பாம்பு உடம்பு கொண்ட பதஞ்சலி. யோக சூத்திரத்தை எழுதியவர் இவரேதான் என்பது மரபின் நம்பிக்கை. அந்த நூல் சுமார் 1,600 வருஷத்துக்கு முன்பு உருவானது என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. மொத்தம் 195 சூத்திரங்கள் (சில பதிப்புகளில் 196). குட்டிக் குட்டி வாக்கியங்கள். அரை மணி நேரத்தில் வாசித்துவிடலாம். புரிந்துகொள்ள ஓர் ஆயுள் போதாது!

அதில் ஆசனத்துக்கு எத்தனை சூத்திரம் தெரியுமா? மூன்றே மூன்று! கையை எங்கே வைக்கணும், காலை எப்படி மடக்கணும் என்று ஒரு வார்த்தை கிடையாது. உட்காரும் நிலை ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும், அதே சமயம் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் சாரம். பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் சிவந்து, மூச்சு முட்டி ஒரு நிலையில் நின்றால், பதஞ்சலி கணக்கில் அது ஆசனமே இல்லை.

பதஞ்சலி சொல்லும் எட்டு உறுப்புகளை வரிசையாகப் பாருங்கள். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. முதல் படியான இயமம், நாம் அடுத்தவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது. அதிலும் முதல் விதி அகிம்சை. நியமம், நம்மிடம் நாமே எப்படி நடந்துகொள்கிறோம் என்பது... சுத்தம், திருப்தி, படிப்பு இத்யாதி. அதற்கப்புறம் உடம்பு. அதற்கப்புறம் மூச்சு. பிறகு, நாலா பக்கமும் ஓடும் புலன்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பது. கடைசி மூன்றும் மனசு சம்பந்தப்பட்டவை. ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம், சுவர், கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. இன்றைய பல வகுப்புகளில் நாம் நேராக மூன்றாவது மாடிக்கு லிஃப்டில் போய் இறங்குகிறோம்.

கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே போனால் திருவாவடுதுறை. அங்கே இருந்து திருமந்திரம் தந்தவர் திருமூலர் என்பது சைவ மரபு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்த நூலின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தான். இதே எட்டு உறுப்புகளைச் சுத்தமான தமிழில் விளக்குகிறார். மூச்சை உள்ளே இழுப்பதற்கு, நிறுத்துவதற்கு, வெளியே விடுவதற்கு மாத்திரைக் கணக்குகூடத் தருகிறார். அவருக்கும் உடம்பு முக்கியம். உயிர் தங்க வேண்டிய வீடாயிற்றே!

அப்புறம், 15-ம் நூற்றாண்டு வாக்கில் ஹட யோகப் பிரதீபிகை என்ற நூல் வந்தது. அதில் விவரிக்கப்படும் ஆசனங்கள் வெறும் 15. பிற்பாடு வந்த கேரண்ட சம்ஹிதையில் 32. இதையெல்லாம் எப்படிக் கற்றுத்தந்தார்கள்? குரு, எதிரே சிஷ்யன். அவ்வளவுதான். சிஷ்யனின் உடம்பு, வயசு, புத்தி, பக்குவம் எல்லாம் குருவுக்கு அத்துப்படி. 'பேட்ச்' என்ற பேச்சே கிடையாது.

அப்படியானால் அந்த ஹாலும் வரிசையும் எப்போது உள்ளே நுழைந்தன?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். உலகமெங்கும் உடற்பயிற்சி மோகம் தலைதூக்கியிருந்த சமயம். வெள்ளைக்காரனின் ராணுவ டிரில் நம் பள்ளிக்கூட மைதானங்களுக்கு வந்துவிட்டது. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. 1920-ல் உடற்பயிற்சிக் கல்லூரியே ஆரம்பித்தது. 'நம்மிடம் இல்லாததா? எங்களுக்கும் ஒரு தேகப்பயிற்சி உண்டு' என்று சுதேசி உணர்வும் சேர்ந்துகொண்டது. பம்பாயில் 1918-ல் யோகேந்திரர் ஒரு யோகா நிலையம் தொடங்கினார். 1924-ல் லோனாவ்லாவில் சுவாமி குவலயானந்தர், ஆசனங்களை ஆராய்ச்சிக் கூடத்துக்கே கொண்டுபோனார். குகையிலிருந்த யோகம் மெள்ள ஹாலுக்கு வர ஆரம்பித்தது.

இந்த இடத்தில்தான் நம் கதாநாயகர் வருகிறார். திருமலை கிருஷ்ணமாச்சாரியார்.

1888 நவம்பர் 18. இன்றைய கர்நாடகாவின் சித்ரதுர்கா மாவட்டத்தில், முசுகுந்தபுரம் என்ற கிராமத்தில் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். அந்தக் குடும்பம் தங்களை நாதமுனிகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டது. நாதமுனிகள் யார்? காட்டுமன்னார்கோவில்காரர்! ஆழ்வார்களின் பாசுரங்களைத் தேடித் தொகுத்து நாலாயிர திவ்யப் பிரபந்தமாக நமக்குத் தந்த மகான். பெரிய யோகி. 'யோக ரகசியம்' என்று அவர் எழுதிய நூல் ஒன்று தொலைந்துபோய்விட்டது என்பது மரபு. தன் 16-வது வயதில் கிருஷ்ணமாச்சாரியார் ஆழ்வார்திருநகரிக்கு வந்தபோது, மயக்கம் போன்ற ஒரு நிலையில் நாதமுனிகளே தோன்றி அந்த நூலைத் தனக்குச் சொன்னதாகப் பின்னாளில் கூறினார். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால், பெண்களுக்கு யோகம் தாராளமாக உண்டு, வயதுக்கும் உடல்நிலைக்கும் தக்கபடி பயிற்சியை மாற்ற வேண்டும் என்று அந்த நூலின் பெயரில் அவர் சொன்ன விஷயங்கள்தான் இந்தக் கதைக்கு முக்கியம்.

காசி, மைசூர் என்று சுற்றிச் சாஸ்திரங்களைக் கரைத்துக் குடித்தார். பிறகு மானசரோவர் ஏரி அருகே ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழரை வருஷம் யோகம் பயின்றதாக அவரது வரலாறு சொல்கிறது. குருதட்சிணையாகக் குரு கேட்டது விசித்திரமானது. 'ஊருக்குப் போ. கல்யாணம் செய்துகொள். யோகம் சொல்லிக்கொடு!'

சொல்வது சுலபம். 1920-களில் யோகத்தைக் கற்றுக்கொள்ள யார் வரிசையில் நின்றார்கள்? ஹாசன் பக்கத்துக் காபித் தோட்டத்தில் வேலைக்குப் போனார் அந்த மகா பண்டிதர். விடுமுறை கிடைத்தால் ஊர் ஊராகப் போய்ச் செய்முறை விளக்கம். கையால் காரை நிறுத்துவது, பற்களால் எடை தூக்குவது, நாடித் துடிப்பை அடக்கிக் காட்டுவது என்றெல்லாம் செய்தார் என்பார்கள். கூட்டம் சேர்ந்தால்தானே யோகம் பற்றி நாலு வார்த்தை பேச முடியும்!

அதிர்ஷ்டம் மைசூர் மகாராஜா நாலாவது கிருஷ்ணராஜ உடையார் ரூபத்தில் வந்தது. 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை திறக்கப்பட்டது. வந்த மாணவர்கள் பெரும்பாலும் பையன்கள். துறுதுறுவென்று, ஓரிடத்தில் நிற்காத வயசு. மகாராஜாவுக்கு வேண்டியது, தெம்பான இளைஞர்களும், விருந்தாளிகள் அசந்துபோகிற மாதிரி செய்முறை நிகழ்ச்சிகளும். ஆச்சாரியார் என்ன செய்தார்? ஆசனங்களை மூச்சோடு கோத்துச் சங்கிலி மாதிரி ஓடவிட்டார். குதி, தாவு, நில், வளை... எண்ணிக்கை சொல்லச் சொல்ல ஹாலே அசையும். இதில் ஜிம்னாஸ்டிக்ஸின் செல்வாக்கு எவ்வளவு, பழைய யோகம் எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று மட்டும் நிச்சயம். எதிரே இருந்தது பையன்கள். பையன்களுக்கு ஏற்ற யோகம் பிறந்தது.

அந்த ஹாலில் நுழைந்த மூன்று பேரை மட்டும் பார்ப்போம்.

முதலாமவர் பட்டாபி ஜோயிஸ். 1927-ல், 12 வயதில், ஹாசனில் ஆச்சாரியாரின் செய்முறையைப் பார்த்து மயங்கி ஒட்டிக்கொண்டவர். கட்டுமஸ்தான உடம்பு. அந்தத் துள்ளும் யோகத்தைக் கற்றுக்கொண்டு, 2009-ல் மறையும் வரை மைசூரில் அதையே சொல்லிக்கொடுத்தார். 'அஷ்டாங்க வின்யாசம்' என்று இன்று நியூயார்க் வரை வியர்க்க விறுவிறுக்கச் செய்கிறார்களே, அது இந்த வழி.

இரண்டாமவர் ஆச்சாரியாரின் மச்சினர். பெல்லூரில் 1918-ல் பிறந்தவர். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக வந்து தாக்கி, குச்சி கையும் பெருத்த தலையுமாக 1934-ல் அக்கா வீட்டுக்கு வந்தார். அவருக்குக் குரு காட்டியது கனிவு அல்ல, கண்டிப்பு. ஒரு செய்முறை நிகழ்ச்சியில், பழகியே இராத அனுமனாசனத்தை – கால்களை முன்னும் பின்னும் முழுசாக விரித்துத் தரையில் உட்காருவது – செய்யச் சொல்ல, தொடைத் தசைநார் கிழிந்து வெகுகாலம் அவஸ்தைப்பட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1937-ல் சொல்லிக்கொடுக்க அவரைப் புனேவுக்கு அனுப்பினார்கள். அங்கே தன் உடம்பையே சோதனைச்சாலையாக்கினார். வளையாத உடம்புக்குக் கயிறு, பெல்ட், மரக்கட்டை, நாற்காலி என்று துணைக் கருவிகளைப் புகுத்தினார். 1966-ல் வெளியான அவரது புத்தகத்தில் சுமார் 200 ஆசனங்கள்! ஆமாம், பி.கே.எஸ். அய்யங்கார்தான். நோயாளிப் பையனாக இருந்தவரிடமிருந்து, எந்த உடம்பும் செய்யக்கூடிய ஒரு யோகா வந்தது.

மூன்றாமவர், அந்தக் காலத்துக்கு அதிர்ச்சி. ரீகா நகரத்தில் 1899-ல் பிறந்து, இந்தியாவுக்கு வந்து சினிமாவிலும் நடித்த பெண்மணி. பிற்காலப் பெயர் இந்திரா தேவி. 'வெளிநாட்டுக்காரி, அதுவும் பெண். முடியாது' என்று மறுத்தார் ஆச்சாரியார். மகாராஜா சிபாரிசு செய்ய, வேண்டாவெறுப்பாகச் சேர்த்துக்கொண்டார். கடுமையான உணவுக் கட்டுப்பாடு வைத்துப் பார்த்தார், அம்மணி அசையவில்லை. கடைசியில் குருவே மனம் மாறி, 'நீ போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடு' என்றார். அந்த நாற்பது வயதுப் பெண்ணுக்கு அவர் குதிப்பதையும் தாவுவதையும் கற்றுத்தரவில்லை. மென்மையான ஆசனங்கள், மூச்சு, உணவு, ஓய்வு. 1939-ல் ஷாங்காயில் பள்ளி. 1947-ல் ஹாலிவுட்! கிரேட்டா கார்போ மாதிரி நட்சத்திரங்கள் மாணவிகள். 2002-ல் இந்திரா தேவி காலமானபோது வயது 102.

மூன்று பேர். மூன்று யோகா. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே குருவிடமிருந்து வந்தவை என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்!

நாலாவது எங்கே? சென்னையில்.

நாடு சுதந்திரம் அடைந்தது. சமஸ்தானம் போயிற்று. அரண்மனைப் பணமும் நின்றது. 1950-ல் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயதைத் தாண்டிய கிருஷ்ணமாச்சாரியார் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். பக்கவாதத்தில் விழுந்த ஒரு பிரபல சட்ட நிபுணருக்குச் சிகிச்சை தரத்தான் அழைப்பு. விவேகானந்தா கல்லூரியிலும் சொல்லிக்கொடுத்தார். இங்கே அவர் முன்னால் வந்தவர்கள் யார்? சர்க்கரை நோயாளி, ஆஸ்துமாக்காரர், முதுகுவலி குமாஸ்தா, பிள்ளை பெற்ற பெண், ரிட்டயரான முதியவர். இவர்களை வரிசையில் நிறுத்தி 'குதி' என்று சொல்ல முடியுமா?

மைசூரில் சிங்கம் போல் உறுமியவர் சென்னையில் நாடி பிடித்துப் பார்த்தார். என்ன வேலை, எப்போ சாப்பாடு, தூக்கம் எப்படி என்று கேட்டார். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்கவில்லை. வளரும் பிள்ளைக்கு உடம்பை உரமாக்கும் பயிற்சி. சம்சாரிக்கு ஆரோக்கியம் குலையாமல் காக்கிற, குறைந்த நேரப் பயிற்சி. வயதானவருக்கு மூச்சும் தியானமும் பிரார்த்தனையும். சிருஷ்டி, ஸ்திதி, அந்தியம் என்று வாழ்க்கையின் மூன்று கட்டங்களுக்கு மூன்று முறை. உடம்பை யோகத்துக்குப் பொருத்துவது அல்ல, யோகத்தை ஆளுக்குப் பொருத்துவது!

அவர் மகன் தேசிகாச்சார், அப்போது எஞ்சினீயர். 1960-களின் தொடக்கத்தில் ஒரு நாள், வீட்டு வாசலில் பெரிய கார் வந்து நின்றது. இறங்கி வந்த ஒரு வெளிநாட்டு அம்மாள், மகா ஆசாரமான அவர் அப்பாவைச் சந்தோஷத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டார். மகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது! விஷயம் இதுதான். பல வருஷமாகத் தூக்கம் வராமல் தவித்த அந்த அம்மாள், முந்தின இரவு மாத்திரை இல்லாமல் தூங்கியிருந்தார். 'அப்பாவிடம் என்னவோ இருக்கிறது' என்று எஞ்சினீயர் வேலையை விட்டுவிட்டுச் சிஷ்யனானார் மகன். தத்துவவாதி ஜே.கிருஷ்ணமூர்த்தியே அவரிடம் பாடம் கேட்டார். 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஒருவருக்கு ஒருவர் என்ற முறைதான் அதன் உயிர்நாடி. தேசிகாச்சார் 2016-ல் மறைந்தார். அவர் பிறந்த நாள் எது தெரியுமோ? 1938 ஜூன் 21. ஐ.நா. சபை 2014-ல் உலக யோகா தினமாக அறிவித்த அதே தேதி! 2015-ல் முதல் யோகா தினத்தன்று டெல்லி ராஜபாதையில் ஒரே நேரத்தில் 35,985 பேர் ஆசனம் செய்து கின்னஸில் இடம்பிடித்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு ஆள் என்று வாழ்ந்தவரின் பிறந்த நாளில்!

சரி, நடைமுறைக்கு வருவோம். எல்லோருக்கும் தனித்தனி குரு சாத்தியமா? கள்ளக்குறிச்சியில் ஒரு மாஸ்டர் மாலை ஆறு மணிக்கு வகுப்பு வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யார் வருவார்கள்? கல்லாவில் பத்து மணி நேரம் உட்காரும் மளிகைக்கடைக்காரர். சர்க்கரை ஆலையில் ஷிஃப்ட் முடித்து வருபவர். பிளஸ் டூ பையன். பிரஷர் மாத்திரை சாப்பிடும் ரிட்டயர்டு வாத்தியார். அபூர்வமாக, நாள் முழுக்கக் குனிந்து கரும்பு வெட்டிய ஒரு அக்கா.

இவர்கள் எல்லோரையும் 'குனிந்து பாதத்தைத் தொடு' என்று சொன்னால் என்ன ஆகும்? பையன் தொட்டுவிட்டுச் சிரிப்பான். கடைக்காரருக்குத் தொடை பின்பக்கம் இழுக்கும். வாத்தியாருக்கு நிமிரும்போது தலை சுற்றலாம். அந்த அக்காவோ காலையிலிருந்து அதைத்தானே செய்துவிட்டு வருகிறார்! அவருக்கு வேண்டியது மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, முதுகைத் தரையில் தளரவிட்டு, நீளமாக நாலு மூச்சு.

கொஞ்சம் மேற்கே பஸ் ஏறுங்கள். கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலை. மேலே வெள்ளிமலை. மூதாதையர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லும் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். 1976-ல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை. சாமை, மரவள்ளி, கடுக்காய், புளி... எல்லாமே உடம்பு உழைப்பு. நகரத்து வகுப்பில் 'மாலாசனம்' என்று ஒன்றைச் சொல்லித்தருவார்கள். பாதம் முழுசாகத் தரையில் பதிய, குந்தி உட்காருவது. நாற்காலியிலேயே வாழ்ந்த நம்மில் பலருக்கு அது இமாலய சாதனை. வெள்ளிமலையில் ஒரு பாட்டி அதே நிலையில் உட்கார்ந்து, அரட்டை அடித்தபடியே ஒரு மூட்டைப் புளியை உடைத்துக் கொட்டை எடுத்துவிடுவார்! அவருக்குப் போய் மாலாசனம் சொல்லிக்கொடுப்பீர்களா? சுமை தூக்கித் தூக்கி இறுகிய தோளுக்கும், ஏறி இறங்கித் தேய்ந்த முழங்காலுக்கும் ஓய்வு கொடுக்கத் தெரிந்தவர்தான் அங்கே மாஸ்டர்.

ஆகவே, வகுப்பு எடுக்கலாம். தாராளமாக. ஆனால், சென்னைக் கிருஷ்ணமாச்சாரியாரை மனசில் வைத்து எடுக்க வேண்டும்.

பாயை விரிப்பதற்கு முன்னால் கேள்வி. வயசு, தொழில், வியாதி, சாப்பிடும் மாத்திரை, ஆபரேஷன், கர்ப்பம். ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் போதும். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வரிசை. வின்யாச கிரமம் என்று ஆச்சாரியார் அழுத்திச் சொன்னது இதைத்தான். கஷ்டமான ஆசனத்துக்கு நேரே தாவக் கூடாது. மாடிப்படி மாதிரி ஒவ்வொன்றாக ஏறணும். அதைவிட முக்கியம், ஒவ்வொன்றாக இறங்கணும்! முதுகைப் பின்னால் வளைத்தால், பிறகு மெதுவாக முன்னால் மடக்கி அதைச் சமன் செய்யும் மாற்று ஆசனம். ஒரு பக்கம் இறுகிய தசைக்கு எதிர்ப்பக்கம் விடுதலை. கடைசியில் ஐந்து நிமிஷமாவது சவாசனம். 'டைம் ஆச்சு' என்று அதை வெட்டும் மாஸ்டர், சமைத்துவிட்டுச் சாப்பாடு போடாமல் அனுப்புகிறார் என்று அர்த்தம்.

மூன்றாவது, அளவுகோல். சரியாகச் செய்கிறாரா என்று காலைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். மூச்சு நீளமாக, சீராக ஓடினால் அந்த நிலை அவருக்குத் தாங்கும். திணறினால், அடக்கிக்கொண்டால், ஒரு படி இறங்கச் சொல்லுங்கள். இதில் மர்மம் எதுவும் இல்லை. நிதானமாக மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. மூச்சு முட்டினால் உடம்பு ஆபத்து என்று எடுத்துக்கொண்டு இன்னும் இறுகும். பதஞ்சலி சொன்ன 'சுகம்' முகத்தில் தெரிவதற்கு முன் மூச்சில் தெரிந்துவிடும்.

நான்காவது, மாற்று வழி. முப்பது பேர் இருந்தால், ஒரே ஆசனத்துக்கு மூன்று படிகள் சொல்லுங்கள். தரையில் முடியாதவர் நாற்காலியில் செய்யட்டும். பிரஷர், கண் அழுத்த நோய், கழுத்துப் பிரச்னை உள்ளவர்களைத் தலைகீழாக நிறுத்தவே வேண்டாம். சிரசாசனம் செய்யாததால் யாரும் யோகத்தில் ஃபெயில் ஆனதில்லை! யார் உடம்பையும் பிடித்து அழுத்தவும் கூடாது. எட்டு உறுப்புகளில் முதல் வார்த்தை அகிம்சை என்று பார்த்தோமே, வகுப்பறையில் அதற்கு அர்த்தம் இதுதான்.

கடைசியாக, மாஸ்டரின் சொந்தப் பயிற்சி. 200 மணி நேரம் படித்தால் ஆசிரியர் என்று 1999-ல் அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் ஓர் அளவு வைத்தது. உலகம் முழுக்க இன்று அந்தக் கணக்கு ஓடுகிறது. தொடங்குவதற்கு அது சரி. கிருஷ்ணமாச்சாரியார் ஏழரை வருஷம் கற்ற பிறகும், தொண்ணூறு வயதிலும், தினமும் தன் பயிற்சியைச் செய்துகொண்டிருந்தார்.

அந்த முதுமையின் ஒரு கட்டம் மறக்க முடியாதது. 96-வது வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். (எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்!) நாம் கவனிக்க வேண்டியது, படுத்த படுக்கையாக அவர் செய்த காரியம். கட்டிலில் கிடந்தபடியே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தனக்குத்தானே வகுத்துக்கொண்டார். ஒரு காலத்தில் அரண்மனையில் பையன்களைப் பறக்கவிட்டவர், இப்போது எதிரே இருக்கும் மாணவன் எழுந்து நிற்க முடியாத கிழவன் என்று பார்த்தார். அந்தக் கிழவனுக்கு எது பொருந்துமோ அதைக் கொடுத்தார். 1989 பிப்ரவரி 28-ல் நூறு வயது கடந்து கண்ணை மூடினார்.

நீங்கள் புதிதாக ஒரு வகுப்பில் சேரப்போகிறீர்களா? ஃபீஸ் எவ்வளவு, ஏ.சி. உண்டா என்பதெல்லாம் அப்புறம். முதல் நாள் மாஸ்டர் உங்களைப் பார்த்து, 'நீங்க என்ன வேலை பார்க்கறீங்க? எங்கேயாவது வலி இருக்கா? ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா?' என்று கேட்கிறாரா பாருங்கள். கேட்டால் தைரியமாகப் பாயை விரியுங்கள்.